ஒயின் செய்யத் தெரிந்தால் மட்டும் போதுமா?
நாசிக் குடும்ப ஆலைகள் சொல்லும் பாடம்

நாசிக் என்றதும் நம்மவர்களுக்கு ரூபாய் நோட்டு அச்சகமும், கோதாவரிக் கரையும், கும்பமேளாவும் நினைவுக்கு வரும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை அந்தப் பக்கம் ரயிலில் போகிறவர்களுக்குத் திராட்சையும் நினைவுக்கு வரும். கடந்த 25 ஆண்டுகளில் ஒயின் ஆலைகளும் அந்த ஊரின் அடையாளமாகிவிட்டன.

குடிப்பது நல்லதா, கெட்டதா என்பது இங்கே கேள்வி அல்ல. ஒரு குடும்பம் தன் நிலத்தையும், பிள்ளையின் படிப்பையும் நம்பி ஒரு தொழிலில் இறங்குகிறது. அந்தத் தொழில் கடைசி வரை அந்தக் குடும்பத்தின் கையில் நிற்குமா? இதுதான் கேள்வி. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிள்ளைகளைத் தொழிற்கல்விக்கு அனுப்பும் நமக்கும் இதில் பாடம் உண்டு.

மகன் படித்த படிப்பு

நாசிக்கில் கங்காப்பூர் அணைக்கட்டு அருகே குர்னானி குடும்பத்தார் 2006ல் தொடங்கிய ஆலை ‘யார்க்’. பிள்ளைகளின் பெயர்களிலிருந்து எழுத்துக்களைச் சேர்த்து அமைத்த பெயர் அது. மகன்களில் கைலாஷ் குர்னானி ஆஸ்திரேலியா சென்று, அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் ஒயின் தயாரிப்பு படித்துத் திரும்பினார். தயாரிப்பு அவர் பொறுப்பு. வியாபாரம் சகோதரர் ரவியின் பொறுப்பு.

இந்தப் படிப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நாம் வாங்கிச் சாப்பிடும் திராட்சை வேறு, ஒயின் திராட்சை வேறு. ஒயினுக்கான பழம் சிறியது; தோல் தடித்தது; கொட்டை உள்ளது. ஐரோப்பாவில் கொடி பனிக்காலத்தில் உறங்கும். ஆண்டுக்கு ஒரு முறை வெட்டினால் போதும். நாசிக்கில் அந்த உறக்கம் இல்லை. ஏப்ரல் வாக்கில் ஒரு முறை, மழை முடிந்து செப்டம்பர், அக்டோபரில் ஒரு முறை என்று இரண்டு தடவை கவாத்து செய்ய வேண்டும். அறுவடையோ வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில் வருகிறது. பழத்தில் சர்க்கரை எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று தினமும் அளக்க வேண்டும். நாலு நாள் தவறினால் அந்த ஆண்டுச் சரக்கே கெட்டுவிடும். ஆகவே படித்த கை அவசியம்தான்.

முடங்கும் முதல்

ஆனால் படிப்பு மட்டும் போதாது. கணக்கைப் பாருங்கள். கொடி நட்டு உருப்படியான பழம் பறிக்க இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். ஒரு பாட்டிலுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் பழம் வேண்டும். வெள்ளை ஒயின் சில மாதங்களில் விற்பனைக்கு வரும். நல்ல சிவப்பு ஒயினோ ஓராண்டு, அதற்கு மேலும் ஓக் மரப் பீப்பாயில் கிடக்க வேண்டும். 225 லிட்டர் பீப்பாய் ஒன்றில் 300 பாட்டில்தான் தேறும். அந்தப் பீப்பாயும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்.

இத்தனை காலமும் போட்ட பணம் திரும்புவதில்லை. வட்டி மட்டும் மாதந்தவறாமல் ஏறுகிறது. சிறு ஆலைக்கு முதல் எதிரி இந்தக் காத்திருப்புத்தான்.

சலுகையும் சறுக்கலும்

மராட்டிய அரசு 2001ல் திராட்சைத் தொழிலுக்கென்று தனிக் கொள்கை அறிவித்தது. கலால் வரியில் சலுகை கிடைத்தது. நாசிக் மாவட்டத்து விஞ்சூரில் ஒயின் பூங்கா அமைந்தது. அமெரிக்காவில் படித்துத் திரும்பிய ராஜீவ் சாமந்த், தம் குடும்ப நிலத்தில் தொடங்கிய ‘சூலா’ 2000ல் முதல் ஒயினை விற்பனைக்குக் கொண்டு வந்திருந்தது. அதைப் பார்த்துப் பலர் ஆலை கட்டினார்கள். விவசாயிகள் ஒயின் திராட்சை நட்டார்கள்.

பிறகு வந்தது 2008. உலகப் பொருளாதார நெருக்கடியோடு நவம்பர் 26 மும்பைத் தாக்குதலும் சேர்ந்துகொண்டது. ஓட்டல்கள் வெறிச்சோடின. ஒயின் தேங்கியது. நாராயண்காவில் 1980களிலேயே நுரை ஒயின் செய்து ஏற்றுமதி செய்த முன்னோடியான இண்டேஜ் நிறுவனமே கடனில் மூழ்கி முடங்கியது. பழம் வாங்க ஆளில்லாமல் பல விவசாயிகள் கொடியைப் பிடுங்கி எறிந்தார்கள். ஒயினை எப்படிச் செய்வது என்று தெரிந்தவர்களும் இந்த அடிக்குத் தப்பவில்லை.

ஒரே நாடு, பல கதவுகள்

நாசிக் அரிசியோ வெங்காயமோ எந்த ஊருக்கும் போகும். ஒயின் அப்படிப் போக முடியாது. மாநில எல்லையைத் தாண்டினால் தனி லைசென்சு, லேபிளுக்குத் தனிப் பதிவு, தனி வரி. தமிழ்நாட்டில் டாஸ்மாக் என்ற அரசு நிறுவனம் கொள்முதல் செய்தால்தான் உண்டு. ஆயிரக்கணக்கான பெட்டி அனுப்புகிறவருக்கு இந்தச் செலவு பெட்டிக்குச் சில ரூபாய். ஐம்பது பெட்டி அனுப்புகிறவருக்கு அதுவே லாபம் முழுவதையும் விழுங்கிவிடும்.

சொந்த மாநிலத்திலும் முழு நிம்மதி கிடையாது. 100 ரூபாய் ஒயினுக்கு 20 ரூபாய் விற்பனை வரி. அதில் 16 ரூபாயை அரசு பின்னர் திருப்பித் தரும் என்பது திட்டம். திட்டம் நல்லதே. ஆனால் பணம் தாமதித்தால், பெரிய கம்பெனி பொறுத்துக்கொள்ளும். சிறு ஆலை மறுபடி கடன் வாங்கும். 2022 ஜனவரியில், பெரிய மளிகை அங்காடிகளில் ஒயின் விற்கலாம் என்று மாநில அமைச்சரவை முடிவு செய்தது. அண்ணா ஹசாரே உள்படப் பலர் எதிர்த்தார்கள். முடிவு காகிதத்தோடு நின்றது.

கைமாறிய ஆலை

இந்த நிலையில் 2021ல் யார்க் ஆலையை சூலா வாங்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் சூலா பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. யார்க் விற்கப்பட்டதைத் தோல்வி என்று சொல்வதற்கில்லை. பெயர் நிலைத்தது, ஆலை மூடப்படவில்லை, அந்த ஒயினுக்கு மதிப்பும் இருந்தது. ஆனால் குடும்பத்தின் ஆலை என்ற நிலை பதினைந்தே ஆண்டுகளில் முடிந்தது.

இனிப் போட்டி இன்னும் கடுமை. 2022 டிசம்பர் 29 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய-ஆஸ்திரேலிய ஒப்பந்தம், 150 சதவீதமாக இருந்த சுங்க வரியைப் படிப்படியாகக் குறைக்கிறது. 5 டாலருக்கு மேற்பட்ட பாட்டிலுக்குப் பத்து ஆண்டில் 50 சதவீதம். 15 டாலருக்கு மேல் 25 சதவீதம். நம் பிள்ளைகள் எந்த நாட்டுக்குப் போய்த் தொழில் கற்றார்களோ, அந்த நாட்டுச் சரக்கே நம் கடைத்தட்டில் பக்கத்தில் வந்து உட்காரப் போகிறது.

சிறு ஆலைக்கு மிஞ்சிய வழி, ஆலை வாசலிலேயே விற்பது. விருந்தினர் தோட்டத்துக்கு வந்து, சுவைத்து, வாங்கிப் போகிறார். இடைத்தரகர் இல்லை, பணம் அன்றே கைக்கு வருகிறது. யார்க்கும் சூலாவும் இந்த வழியில்தான் வாடிக்கையாளரைச் சேர்த்தன. அரசு செய்ய வேண்டியதும் பெரிதல்ல. திருப்பித் தர வேண்டிய வரியைக் குறித்த நாளில் தரட்டும். சிறு ஆலைகளுக்கு லேபிள் கட்டணத்தை அளவுக்குத் தக்கபடி மாநிலங்கள் குறைக்கட்டும்.

பிள்ளையைத் தொழில் படிக்க வைப்பது தகப்பன் கடமை. படித்த தொழிலை அவன் சொந்தமாக நடத்த வழி விடுவது அரசின் கடமை. முதல் கடமையை நாசிக் குடும்பங்கள் செய்துவிட்டன. இரண்டாவதுதான் இன்னும் பாக்கி.