கஞ்சாப் பையில் ஒரு துப்பாக்கி

காரமடையிலிருந்து மேட்டுப்பாளையம் போகிறது ஒரு வேன். இருக்கைக்கு அடியில் நண்பன் ஒரு பையை வைக்கிறான். 'என்ன அது?' என்று கேட்கக் கூச்சம். வழியில் சோதனை. பைக்குள் கஞ்சா, கூடவே கைத்துப்பாக்கி! இப்படி ஒரு நிலை நம் பிள்ளைக்கு வந்தால்?

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் முதலில் எடையைப் பார்க்கிறது. கஞ்சா ஒரு கிலோ வரை என்றால் ஓராண்டு வரை சிறை. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு, கூடினால் 20 ஆண்டு. ஜாமீனும் குதிரைக்கொம்பு.

துப்பாக்கி இருந்தால்? 2001இல் சேர்க்கப்பட்ட 32-பி பிரிவின்படி, குற்றவாளி ஆயுதத்தைப் பயன்படுத்தினாலோ, காட்டி மிரட்டினாலோ, குறைந்தபட்சத் தண்டனையைவிடக் கூடுதலாக விதிக்க அதை நீதிபதி கணக்கில் எடுக்கலாம். பையில் சும்மா கிடந்தால்? அதற்கு ஆயுதச் சட்டம் தனியாகக் காத்திருக்கிறது. உரிமமில்லாத துப்பாக்கிக்கு, 2019 திருத்தத்துக்குப் பின், 2 முதல் 5 ஆண்டு. தடை செய்யப்பட்ட ரகம் என்றால் 7 முதல் 14 ஆண்டு. இரு தண்டனைகளும் ஒன்றாக ஓடுமா, ஒன்றன்பின் ஒன்றாக ஓடுமா என்பது நீதிபதியின் கையில்!

அமெரிக்காவிலோ அந்தத் தயவும் இல்லை. போதைக் குற்றத்துக்குத் துணையாகத் துப்பாக்கி வைத்திருந்தாலே குறைந்தது 5 ஆண்டு தனியாக, முந்தைய தண்டனை முடிந்த பிறகு. 'பக்கத்தில் இருந்தது என்பதாலேயே பயன்படுத்தியதாகாது' என்று 1995இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் சொன்னது. 1998இல் நாடாளுமன்றம் சட்டத்தையே மாற்றிவிட்டது.

நம் நாட்டில் அந்த வேறுபாடு இன்னும் உயிரோடிருக்கிறது. 'இருந்தது' என்பதை 'பயன்படுத்தினான்' என்று ஆக்கிவிடக் கூடாது என்பதே நம் கோரிக்கை. குற்றவாளிக்கு வக்காலத்து வாங்கவில்லை, நீதியைக் கேட்கிறோம்.

இளைஞர்களே! உடலைச் சோதிக்கும் முன் மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கக் கோரும் உரிமை உங்களுக்கு உண்டு. அதை அதிகாரி சொல்லியாக வேண்டும். விசாரணை அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை ஒப்புதலாகக் கொண்டு தண்டிக்கக் கூடாது என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற தோஃபன் சிங் வழக்கில் 2020இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வணிகர்களே! உங்கள் வண்டியில் சரக்கு சிக்கினால், தெரியாமல் நடந்தது என்றும், தக்க எச்சரிக்கையோடு இருந்தோம் என்றும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். இல்லையேல் வண்டி பறிபோகும். டிரைவர் யார், பார்சல் யாருடையது என்று பதிவேட்டில் எழுதி வையுங்கள்.

சட்டம் தரும் பாதுகாப்பு, கைதான பிறகுதான் வரும். அடுத்தவன் பையைத் தொடாமல் இருப்பது அதற்கு முன்பே காக்கும். கேட்கக் கூச்சப்பட்ட ஒரு கேள்விக்காகப் பத்தாண்டை இழக்கலாமா? சிந்திப்பீர்!