காலணியும் இருமுடியும்

அமெரிக்க விமான நிலையங்களில் பாதுகாப்புச் சோதனையின்போது பயணிகள் காலணியைக் கழற்றியாக வேண்டும் என்ற விதி 2025 ஜூலையில் கைவிடப்பட்டது. 2001 டிசம்பர் 22 அன்று பாரிஸிலிருந்து மயாமி சென்ற விமானத்தில், ரிச்சர்ட் ரீட் என்பவர் காலணிக்குள் மறைத்திருந்த வெடிபொருளைக் கொளுத்த முயன்றார். அவரை மடக்கியவர்கள் விமானப் பணியாளர்களும் சக பயணிகளும்தான். ஆயினும் அந்தத் தோல்வியுற்ற முயற்சியின் பெயரால் கோடிக்கணக்கானோர் ஏறத்தாழ இரண்டு தலைமுறைக் காலணிகளைக் கழற்றி மாட்டிவிட்டனர்.

அடுத்தடுத்து வந்த கட்டுப்பாடுகளின் வரலாறும் இதுவே. 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிபொருள் சதி முறியடிக்கப்பட்டது. கைப்பையில் 100 மில்லி லிட்டருக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி வந்தது. 2009 கிறிஸ்துமஸ் நாளில் உள்ளாடைக்குள் வெடிபொருளுடன் ஒருவர் பிடிபட்டார். முழு உடல் ஊடறி கருவிகள் வந்தன. நேற்றைய சதிக்கு இன்று வேலி போடப்படுகிறது. போட்ட வேலியை அகற்றும் துணிவு மட்டும் எந்த அதிகாரிக்கும் எளிதில் வருவதில்லை.

சோதனையே வேண்டாம் என்பது என் வாதமன்று. மீனம்பாக்கத்தை அறிந்த தமிழர் எவரும் அப்படிச் சொல்ல மாட்டார். 1984 ஆகஸ்ட் 2 இரவு சென்னை விமான நிலையத்தில் குண்டு வெடித்து ஏறத்தாழ முப்பது பேர் மாண்டனர். இலங்கையர் பலர் அதில் அடங்குவர். கொழும்பு விமானத்துக்கெனப் பதிவு செய்யப்பட்ட பெட்டிகளில் இருந்த குண்டு அது. பெட்டிக்குரியவர் விமானம் ஏறவில்லை. எச்சரித்து வந்த தொலைபேசி அழைப்புகள் உரிய தீவிரத்துடன் எடுத்துக்கொள்ளப்படவில்லை. அடுத்த ஆண்டே, 1985 ஜூன் 23 அன்று, ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அருகே நடுவானில் சிதறி 329 பேர் இறந்தனர். அங்கும் அதே கதைதான்: வான்கூவரில் பெட்டி ஏறியது, பெட்டியின் சொந்தக்காரர் ஏறவில்லை.

இந்த இரு பேரழிவுகளிலும் தவறியது பயணியின் சட்டைப்பையைத் துழாவும் வேலையன்று. ஆள் ஏறாத பெட்டி விமானத்தில் போகக்கூடாது என்ற எளிய ஒழுங்கு பேணப்படவில்லை. வந்த தகவலுக்குச் செவிசாய்க்கப்படவில்லை. பெட்டியையும் பயணியையும் பொருத்திப் பார்க்கும் முறை பின்னர் உலகெங்கும் இறுக்கப்பட்டது. அம்முறை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, நம்மை வரிசையில் நிறுத்துவதுமில்லை. 2001 செப்டம்பருக்குப் பின் விமானிகள் அறைக்குப் பொருத்தப்பட்ட வலுவான கதவும் அத்தகையதே. விமானத்தைக் கடத்தி ஆயுதமாக்கும் உத்தியை அது பெருமளவு முடக்கியது. (அந்தக் கதவுக்கும் ஒரு விலை இருந்தது. 2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் விமானத்தின் துணை விமானி, தலைமை விமானியை வெளியே நிறுத்திக் கதவைப் பூட்டிக்கொண்டு 150 பேருடன் ஆல்ப்ஸ் மலையில் விமானத்தை மோதவிட்டார்.)

பயணியைத் தொட்டும் தடவியும் நடக்கும் சோதனை எந்த அளவுக்குப் பலன் தருகிறது? 2015-இல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஆய்வுக் குழுவினர் பயணிகளைப் போல வேடமிட்டுப் போலி வெடிபொருள்களையும் ஆயுதங்களையும் கொண்டு சென்றபோது, 70 முயற்சிகளில் 67-இல் பிடிபடவில்லை என்று செய்தி வெளியானது. உலகிலேயே மிகுந்த பணம் செலவிடும் நாட்டின் நிலை இது. சோதனைச்சாவடிக்கு அச்சுறுத்தித் தடுக்கும் ஆற்றல் உண்டு என்பதை ஏற்கிறேன். ஆனால் பயணி படும் அவதியின் அளவைக் கொண்டு பாதுகாப்பின் அளவை மதிப்பிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் நாட்டில் 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் காந்தஹாருக்குக் கடத்தப்பட்ட பிறகு, 2000-ஆம் ஆண்டிலிருந்து விமான நிலையப் பாதுகாப்பு படிப்படியாக மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்படையின் கட்டுப்பாடு மதிக்கத்தக்கது. அவர்கள் நிறைவேற்றும் விதிகள் எழுதப்பட்டுள்ள விதம்தான் எனக்கு உடன்பாடில்லாதது. சராசரி உடல்வாகும், இந்தியோ ஆங்கிலமோ பேசும் நாவும், அடிக்கடி பறந்த அனுபவமும் உள்ள ஒருவரை மனத்தில் வைத்தே அவை எழுதப்பட்டிருக்கின்றன.

நடனக் கலைஞர் சுதா சந்திரன் ஒவ்வொரு முறையும் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று 2021 அக்டோபரில் பிரதமருக்குக் காணொலி வழியே முறையிட்டார். பாதுகாப்புப் படை வருத்தம் தெரிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றமும் செயற்கை உறுப்பைக் கழற்றச் சொல்வது மனித மாண்புக்கு ஒவ்வாதது என்று குறிப்பிட்டது. புகழ்பெற்ற ஒருவர் கண்கலங்கிய பின்தான் நாடு இதைப் பேசியது. 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று கேட்ட நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி, நீங்கள் இந்தியரா என்று தம்மிடம் கேட்கப்பட்டதாகப் பதிவிட்டார், விசாரணைக்கு உத்தரவானது. நாடாளுமன்ற உறுப்பினராக இல்லாதவர் யாரிடம் பதிவிடுவார்?

சில மாதங்களுக்கு முன், ஒரு விமான நிலையத்தின் சோதனை வரிசையில் எனக்கு முன்னால் எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் நின்றிருந்தார். மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர். கருவி ஒலித்துக்கொண்டே இருந்தது. காவலர் இந்தியில் ஏதோ கேட்க, அவர் முழங்காலைத் தொட்டுக் காட்டி "ஆபரேஷன், ஆபரேஷன்" என்றார். கைப்பையில் பேத்திக்கென எடுத்து வந்த எலுமிச்சை ஊறுகாய் புட்டி தொட்டிக்குள் போயிற்று. "இத முன்னாலயே சொல்லியிருந்தா பெரிய பொட்டியில வச்சிருப்பேனேப்பா" என்று என்னிடம் சொன்னார். அவர் விதியை எதிர்க்கவில்லை. விதியைத் தெரியப்படுத்தவில்லை என்றார். பயணச்சீட்டில் எச்சரிக்கைப் படங்கள் அச்சிடப்பட்டிருந்தது உண்மை. ஆனால் அச்சீட்டை இணையத்தில் எடுத்தவர் அவருடைய மகன்.

இருமுடி விவகாரம் இதைவிட சுவையானது. விமானப் பயணி தேங்காயைக் கைப்பையில் எடுத்துச் செல்ல முடியாது. ஆனால் சபரிமலைப் பக்தர்களுக்காக 2022-இலும் 2024-இலும் இந்தத் தடை குறிப்பிட்ட காலத்துக்குத் தளர்த்தப்பட்டது. 2024-இல் வந்த அனுமதி 2025 ஜனவரி 20 வரை செல்லும் என அறிவிக்கப்பட்டது. ஊடுகதிர் சோதனை, வெடிபொருள் தடயச் சோதனை, கைச்சோதனை ஆகியவற்றுக்குப் பின் தேங்காய் விமானம் ஏறலாம் என்றார்கள். பக்தர்களின் உணர்வை மதித்த நல்ல முடிவுதான். எனினும் ஒரு கேள்வி எழுகிறது. சோதனைக்குப் பின் மார்கழியில் ஆபத்தற்றதாகும் தேங்காய், மாசியில் எப்படி ஆபத்தானதாகிறது? சோதிக்க இயலும் எனில் தடை எதற்கு?

பாதுகாப்புக்கான செலவு நம்மிடமிருந்தே பெறப்படுகிறது என்பது பலருக்குத் தெரியாது. 2021 ஏப்ரல் முதல் உள்நாட்டுப் பயணி ஒருவருக்கு 200 ரூபாய் விமானப் பாதுகாப்புக் கட்டணமாகப் பயணச்சீட்டிலேயே சேர்க்கப்பட்டது. நேரமும் ஒரு கட்டணமே. சென்னையிலிருந்து கோவைக்குப் பறக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஆனால் இரண்டு மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். நகருக்குள் போக்குவரத்தையும் சேர்த்தால், ஆறு மணி நேரத்துக்குள் கோவை சேரும் வந்தே பாரத் ரயிலுடன் வித்தியாசம் பெரிதில்லை. அமெரிக்காவில் 2001-க்குப் பின் பெட்டிச் சோதனை இறுகியதால் விமானப் பயணிகள் சுமார் 6 சதவீதம் குறைந்ததாகவும், அவர்களில் ஒரு பகுதியினர் காரில் சென்றதால் சாலை மரணங்கள் கூடியதாகவும் கார்னெல் பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் கணித்தனர். பாதுகாப்பின் பெயரால் பறிபோன உயிர்கள் அவை.

2022 டிசம்பரில் தில்லி விமான நிலையத்தின் மூன்றாவது முனையத்தில் வரிசைகள் நீண்டு, அமைச்சரே நேரில் வந்து பார்க்கும் நிலை ஏற்பட்டது. கூடுதல் ஊடுகதிர் கருவிகளும் ஆட்களும் வந்ததும் நெரிசல் தணிந்தது. விதியைத் தளர்த்தித் தணிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த மாதமே தொடங்கிய டிஜியாத்ரா முகமறியும் முறை நுழைவாயிலில் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. ஆனால் அதை நடத்துவது ஓர் அறக்கட்டளை நிறுவனம், அரசுத் துறையன்று. விரும்பியோர் மட்டும் சேரலாம் என்கிறார்கள். அப்படியெனில் சேராதவருக்கான வாயில்களின் எண்ணிக்கை குறையாது என்ற உறுதியை எழுத்தில் தர வேண்டும்.

எது கூடும், எது கூடாது என்ற ஒரே பட்டியல், அந்தந்த மாநில மொழியில், பயணச்சீட்டு எடுக்கும்போதே கைப்பேசிக்கு வர வேண்டும். செயற்கை உறுப்பும் மூட்டு மாற்றும் கொண்டவர்களுக்கு எல்லா நிலையங்களிலும் ஒரே நடைமுறை வேண்டும். ஒவ்வொரு தடையும் ஏன் போடப்பட்டது, இன்னும் தேவையா என்பதை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்ற நிலைக்குழு கேட்க வேண்டும். தேங்காயிலிருந்தே அந்தக் குழு தொடங்கலாம்.