மௌனம் சம்மதமல்ல

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கியபோது, இலங்கையில் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமே. மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை ஜனாஸாக்களை அடக்கஞ்செய்த கரங்கள் ஓயாதிருந்த அந்நாட்களில், கொழும்பில் மென்பொருளாளர்கள் தொண்டர்களாக ஒன்றுகூடி 'சஹானா' என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை உருவாக்கத் தொடங்கினர். காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் விபரம், நிவாரண அமைப்புகளின் பட்டியல் என்பன அதில் இடம்பெற்றன. பின்னர் 2005 இல் பாகிஸ்தான் பூகம்பத்தின்போதும் 2010 இல் ஹெய்ட்டியிலும் அது பயன்பட்டது.

முழுத் திட்டத்தையும் வரைந்து முடித்தபின் வேலையைத் தொடங்க அன்று அவகாசம் இருக்கவில்லை. சிறு பகுதியைச் செய்து, பயன்படுத்துவோரிடம் கொடுத்து, குறைகேட்டுத் திருத்தியே முன்செல்ல வேண்டியிருந்தது. 2001 இல் அமெரிக்காவில் 17 பேர் கூடி வெளியிட்ட பிரகடனத்தால் 'அஜைல்' எனப் பெயர்பெற்ற முறையின் சாரமும் இதுவே. இம்முறையில் குறையை மறைப்பவரே பெருந்தடையாகிறார். பிழையான பதிவொன்றை எவரேனும் மூடிவைத்தால், ஒரு தாய் தவறான முகாமில் தன் பிள்ளையைத் தேடியலைய நேரிடும்.

இன்று இம்முறை மென்பொருள் நிறுவனங்களில் சாதாரணமாகிவிட்டது. கல்முனைக் கரையோரத்திலிருந்து சென்ற எமது பிள்ளைகளும் அங்கு பணியாற்றுகின்றனர். காலையில் குழு கால்மணி நேரம் நின்றபடியே கூடுகிறது. நேற்று என்ன செய்தீர், இன்று என்ன செய்வீர், தடை ஏதும் உண்டா என்பனவே கேள்விகள். மூன்றாவது கேள்விக்கு வாய்திறக்க எம்மவர் தயங்குகின்றனர். "பிரச்சினை இல்லை சேர்" என்கின்றனர். இரு வாரங்களின் பின் வேலை முடியாது கிடக்கிறது.

பெரியவர் முன் மறுத்துப் பேசாமையை மரியாதை என்றும், வகுப்பறையில் 'தெரியாது' என்பதை வெட்கம் என்றும் பழக்கியவர்கள் நாமே. போதாக்குறைக்குக் கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கிறது. வீட்டிலிருந்து கணினித் திரை வழியே பணியாற்றும் பெண்பிள்ளைகளுக்கு இத்தயக்கம் இன்னும் கனதியானது.

டானியல் கோல்மன் 1995 இல் எழுதிய நூலால் பிரபலமடைந்த 'மனவெழுச்சி நுண்ணறிவு' இங்குதான் தேவைப்படுகிறது. தன் உணர்வையும் பிறர் உணர்வையும் அறிந்து நடப்பதே அது. தோளில் தட்டிப் புன்னகைப்பதோடு அது முடிந்துவிடுவதில்லை. தடையைச் சொன்னவரை எல்லோர் முன்னிலையிலும் குடையாதிருத்தலும், பேசாதவரிடம் தனியே சென்று விசாரித்தலும் முகாமையாளரின் கடமைகள். காலைக் கூட்டத்தை வரவு இடாப்பாக மாற்றிய முகாமையாளரிடம் எவரும் உண்மை பேசார். (எமது ஆசிரிய பீடத்திலும் இந்நோய் இல்லாமலில்லை.)

அடக்கத்தின் பெயரால் மௌனத்தை நியாயப்படுத்துவோர் பத்ருக் களத்தை நினைவுகூர வேண்டும். நபி (ஸல்) அவர்கள் படையை நிறுத்திய இடம் வஹீயின்படி அமைந்ததா, போர்த் தந்திரமா என ஹுபாப் இப்னு முன்திர் (ரழி) வினவினார். தந்திரமே என்றறிந்ததும் நீர்நிலைக்கு அருகே நகரலாம் என்றார். அவ்வாலோசனை ஏற்கப்பட்டதை ஸீரா நூல்கள் கூறுகின்றன. அவர் கேட்ட விதத்தில் அடக்கம் இருந்தது. ஆயினும் கேட்காமல் இருந்துவிடவில்லை.

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும், எமது ஊர்களின் தனியார் கணினி நிலையங்களிலும், நிரல் எழுதப் பயிலும்போதே மாணவர்களை இவ்வாறு கூடிப் பேசப் பழக்கலாம். முதலில் தமிழில், பின்னர் ஆங்கிலத்தில். விரிவுரையாளரும் அவ்வட்டத்தில் ஒருவராக நின்று, தமது தடையையும் சொல்லட்டும்.