சுவரில தொங்கிற ரெண்டு குழாய்

கடற்கரை ஹோட்டல் ஒண்டு. பேர் வேண்டாம். போன மாசம் நண்பனோட தேத்தண்ணி குடிக்கப் போனன் (அந்தத் தேத்தண்ணி விலையைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதலாம்). சுவரில வார்னிஷ் அடிச்ச பலகை, அதில ஒரு பழைய சுழியோடிக் கருவி: பித்தளை டப்பா ஒண்டு, அதில இருந்து யானைத் தும்பிக்கை மாதிரி மடிப்பு மடிப்பா ரெண்டு ரப்பர் குழாய், நடுவில வாயில கடிக்கிற துண்டு. ரப்பர் மடிப்பெல்லாம் வெடிச்சுப் போய்க் கிடக்கு. கீழ பெரிய எழுத்தில 'வின்டேஜ்'. சனம் அதுக்கு முன்னால நிண்டு செல்ஃபி எடுக்குது.

எனக்குக் கோபம் வந்தது. ஏனெண்டு அண்டைக்கு எனக்கே விளங்கேல்ல. வீட்ட வந்து ரெண்டு கிழமை வாசிச்ச பிறகுதான் விளங்கினது.

அது இரட்டைக் குழாய் ரெகுலேட்டர். 1943இல் பிரான்சில் எமில் கன்யானும் ஜாக் கூஸ்தோவும் சேர்ந்து செய்ததின் வழிவந்தது. கன்யான் எரிவாயுக் கம்பனி ஒன்றின் பொறியியலாளர். யுத்தம், பெற்றோல் தட்டுப்பாடு. காரை எரிவாயுவில் ஓட்டுறதுக்கு அவர் செய்த வால்வுதான் மூலம். தட்டுப்பாட்டில பிறந்த சாமான் எண்டதை ஞாபகம் வைச்சிருங்கோ, பிறகு வரும்.

வேலை செய்யிற விதம் நல்ல அழகு. டப்பா சிலிண்டர் வால்வில இறுகி, கழுத்துக்குப் பின்னால நிக்கும். உள்ளுக்கு ஒரு ரப்பர்த் தகடு. அதுக்கு ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் நீங்கள் இழுக்கிற காற்று. மூச்சு இழுத்தா தகடு உள்வாங்கும், நெம்பை அமத்தும், காற்று வரும். ஒரு குழாயால வாயுக்கு வாற காற்று, மூச்சு விடேக்க மற்றக் குழாயால திரும்பவும் அந்த டப்பாவுக்கே போய், வாத்துச் சொண்டு மாதிரி ஒரு ரப்பர் வால்வால குமிழாய் வெளியேறும்.

ஏன் திரும்பப் போகோணும்? வாயிலயே விட்டா என்ன? இதுதான் எனக்கு முதல்ல பிடிபடேல்ல. தகடு பின்னால, வெளியேறுற வாசல் முன்னால எண்டு இருந்தா, வாய் தகட்டை விட ஒரு சாண் மேல வந்தாலும் அங்க தண்ணி அழுத்தம் குறைவு. காற்று கேக்காமலே கொட்டத் தொடங்கிடும். ரெண்டும் ஒரே ஆழத்தில இருந்தாத்தான் சரி. அதுக்காகத்தான் ரெண்டாவது குழாய்.

இதால சில குணமும் வருது. குப்புற நீந்தேக்க மூச்சு கொஞ்சம் இறுக்கமா வரும். மல்லாந்தா காற்று தன்பாட்டில வரும். வாய்த்துண்டுக்குள்ள தண்ணி போனா வெளிமூச்சுக் குழாய் கீழ வாற மாதிரி உருண்டு ஊதோணும். குமிழ் தலைக்குப் பின்னால போறதால முகத்துக்கு முன்னால ஒண்டும் மறைக்காது. படம் எடுக்கிற ஆக்கள் அதைக் கைவிட மனமில்லாமல் இருந்ததுக்கு இது ஒரு காரணம். 1952இல் மெல்பேர்னில் டெட் எல்ட்ரெட் 'போர்பொய்ஸ்' எண்ட ஒற்றைக் குழாய்க் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தகட்டையும் வாசலையும் வாய்க்கே கொண்டுவந்திட்டார். பிறகு உலகம் முழுக்க அந்தப் பக்கம் போயிட்டுது.

இப்ப ஊருக்கு வருவம். ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் 1956இல் இலங்கைக்கு வந்தது அக்குவாலங்குகளோட. அந்தக் காலத்தில அக்குவாலங் எண்டாலே ரெண்டு குழாய்தான். போர்த்துக்கீசர் 1620களில் உடைச்ச கோயிலின் தூண்களும் செதுக்குக் கல்லும் சுவாமி மலைக்குக் கீழ கடலில கிடக்கிறதை அவை பார்த்ததும், லிங்கத்தை வில்சன் கண்டெடுத்ததும் எங்கட ஊரில சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கிளார்க் 1957இல் புத்தகமும் போட்டார்.

ஆனா ஊரில இந்தக் கதை எப்பிடிச் சொல்லப்படுது எண்டு கவனியுங்கோ. "ரெண்டு வெள்ளைக்காரர் கண்டுபிடிச்சது." அவையோட சுழியோடின ரொட்னி ஜொங்க்ளாஸ் இந்த நாட்டுப் பறங்கியர்; அவரின்ர பேர் அரைவாசிப் பேருக்குத் தெரியாது. வள்ளம் ஓட்டினவனுக்குக் கதையில இடமே இல்லை. 1950இல் கோயிலுக்குக் கிட்டக் கிணறு வெட்டேக்க வெண்கலத் திருமேனிகள் வெளிய வந்துதே, மண்வெட்டி பிடிச்சவை ஆர்? அந்த மண்வெட்டியை ஒருத்தரும் சுவரில தொங்கவிடேல்ல. வில்சனில எனக்குக் கோபம் இல்லை, அவர் பிறகு சாமியாராகவே போன மனுசன். என்ர கோபம் கதை சொல்லுற எங்களில.

பாலையூற்று கடற்கரைக் கிராமம் இல்லை. எண்டாலும் எங்கட ஒழுங்கையில ஒரு அண்ணன் இருக்கிறார், கடலட்டைக்குச் சுழியோடினவர். ஒற்றைக் குழாய், ஆர் ஆரோ பாவிச்சுக் கழிச்ச ரெகுலேட்டர். அழுத்தம் பார்க்கிற மீட்டர் இல்லை. மிதப்பு ஜாக்கெட் இல்லை. ஒரு நாளைக்கு நாலு சிலிண்டர், இருபத்தைந்து மீற்றர். காற்று முடியப் போகுதெண்டு எப்பிடித் தெரியும் எண்டு கேட்டன்.

"மூச்சு இறுகும் தம்பி. இறுகினா மேல வாறதுதான்."

அவர் இப்ப இடது காலை இழுத்துத்தான் நடக்கிறார். ஆழத்தில நைதரசன் உடம்பில கரையுது. கெதியா மேல வந்தா சோடாப் போத்தல் திறந்த மாதிரி உள்ளுக்குள்ளயே குமிழாகுது. கூஸ்தோ தலைமுறை நிமிசத்துக்கு 18 மீற்றர் எண்டு ஏறினது. இப்ப 9 எண்டு சொல்லிக் குடுக்கிறாங்கள். ஒரு சிலிண்டருக்கும் அடுத்ததுக்கும் இடையில எவ்வளவு நேரம் மேல நிக்கோணும் எண்டதுக்கு அட்டவணை இருக்கு. எல்லாம் இங்கிலிஷில, காசு கட்டிற பாடத்துக்குள்ள. அண்ணனுக்கு அதைச் சொல்லிக் குடுக்க ஒருத்தரும் இருக்கேல்ல.

என்ர வழக்கு இதுதான். மீட்டர் இல்லாமல், ஜாக்கெட் இல்லாமல், இறுகிற மூச்சை நம்பி ஒரு வெளிநாட்டவர் இறங்கினா அது 'வின்டேஜ் டைவிங்'. அதையே எங்கட அண்ணன் செய்தா 'கவனயீனம்'. பேப்பரில ரெண்டு வரி, "சுழியோடி உயிரிழப்பு", முடிஞ்சுது. உண்மையில பழைய கருவியை ஆசையாப் பாவிக்கிற வெளிநாட்டு ஆக்கள் அண்ணனை விடக் கவனம். ரப்பர்க் குழாய் புதுசு போடுவினம். வாத்துச் சொண்டு வால்வைச் சிலிக்கோனில மாத்துவினம். வாளித் தண்ணிக்குள்ள அமத்திக் கசிவு பார்ப்பினம். அந்தக் காலத்துச் சிலிண்டரில ஒரு கம்பி இருக்கும், மூச்சு இறுகினா இழுத்தாக் கடைசிச் சேமிப்புக் காற்று திறக்கும்; அந்தக் கம்பி ஏற்கனவே கீழ இழுபட்டுக் கிடக்கோ எண்டு இறங்க முதல் தொட்டுப் பார்ப்பினம். அதுக்கு மேல சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் இடையில சின்னத் துண்டொண்டு வைச்சு மீட்டரும் பூட்டுற ஆக்கள் இருக்கினம். பழசை நேசிக்கிறவனிட்ட மீட்டர் இருக்கு. வயித்துக்காக இறங்கிறவனிட்ட இல்லை.

"கடலட்டைக்காரர் கடலை வழிச்சுத் துடைக்கிறாங்கள், அவங்களுக்கு ஏன் வக்காலத்து?" எண்டு கேப்பீங்கள். அட்டை குறைஞ்சு போனது உண்மை. லைசென்ஸ் வேணும், கட்டுப்பாடு வேணும், மறுக்கேல்ல. ஆனா அட்டையைக் காப்பாத்திறதுக்கு மனுசன்ர கால் விளங்காமல் போகோணும் எண்டு எந்தச் சட்டத்திலயும் இல்லை. இன்னொரு கூட்டம் "பழைய சாமானையே தடை செய்" எண்டும். அதுவும் வேண்டாம். உண்மையைச் சொன்னா எனக்கே அந்த ரெண்டு குழாயோட சுவாமி மலைக்குக் கீழ ஒருக்கா இறங்க ஆசை. வாடை முடிஞ்சு கடல் படுத்துக் கிடக்கிற சித்திரையில, குமிழ் பின்னால போக, முன்னால அந்தத் தூண்களைப் பார்க்கோணும்.

நான் கேக்கிறது பெரிசா ஒண்டும் இல்லை. அந்தப் பலகையில 'வின்டேஜ்' எண்ட சொல்லை எடுத்திட்டு, இது எப்பிடி மூச்சு விடும், ஏன் ரெண்டு குழாய், மெதுவா ஏன் ஏறோணும் எண்டு தமிழில எழுதுங்கோ, சிங்களத்திலயும் எழுதுங்கோ. டைவிங் பாடம் நடத்திற ஆக்கள் வருசத்தில ரெண்டு நாள், ஆக்கள் வராத வாடைக் காலத்தில, அட்டைச் சுழியோடிகளைக் கூப்பிட்டு அந்த அட்டவணையைச் சொல்லிக் குடுங்கோ. மொழிபெயர்க்க ஆள் வேணுமெண்டால் கலைப்பீடத்தில நாங்கள் சும்மாதான் இருக்கிறம்.

போன ஞாயிறு போனில எடுத்த படத்தை அண்ணனிட்டக் காட்டினன். பெரிசாக்கிக் குழாயை மட்டும் கனநேரம் பார்த்தார்.

"இது வெடிச்சுப் போச்சு தம்பி. இதோட இறங்கினா முதல் மூச்சே தண்ணிதான்."

மீட்டர் பூட்டுற துண்டைப் பற்றிச் சொன்னன். படத்தைத் திருப்பித் தந்திட்டுக் கேட்டார்:

"அந்த மீட்டர் என்ன விலையாம்?"