கரும்புக்குக் கிடைத்த இடம் பானைக்கு ஏன் இல்லை?

ரேஷன் கடையில் தரும் பொங்கல் பரிசுத் தொகுப்பில் பச்சரிசி உண்டு, சர்க்கரை உண்டு, முழுக் கரும்பும் உண்டு. பொங்கல் வைக்கிற பானை மட்டும் இல்லை. மண்பானையையும் அடுப்பையும் சேர்க்கச் சொல்லி மண்பாண்டத் தொழிலாளர்கள் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இது நடக்கிற காரியமா?

கரும்பு எப்படி உள்ளே வந்தது?

2023 பொங்கலுக்கான தொகுப்பை 2022 டிசம்பரில் முதலில் அறிவித்தபோது அதில் கரும்பு இல்லை. அரசு வாங்கும் என்று நம்பிப் பயிரிட்ட விவசாயிகள் கொதித்தார்கள். சில நாட்களிலேயே கரும்பு சேர்க்கப்பட்டது. தஞ்சாவூர் பக்கம் செங்கரும்பு போட்டவர்களுக்கு அது பெரிய நிம்மதி. டெல்டாவின் வேளார் குடும்பங்கள் கேட்பதும் அதே நியாயத்தைத்தான்.

மழைதான் சிக்கல்

பானை அதிகம் விற்பது ஜனவரியில். அதற்கு முந்தைய மூன்று மாதமும் டெல்டாவில் வடகிழக்குப் பருவமழை. களிமண்ணில் மணல் கலந்து, காலால் மிதித்து, சக்கரத்தில் வனைந்து, அடிப்பாகத்தைப் பலகையால் தட்டித் தட்டி மூடிய பிறகு பானை நன்றாகக் காய வேண்டும். ஈரத்தோடு சூளையில் வைத்தால் வெடித்துவிடும்.

மழைக்கால நிவாரணம் தருகிறது அரசு. 2024 ஜூலையில் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. ஏரி, குளங்களில் கட்டணமில்லாமல் களிமண் எடுக்க தாசில்தார் அளவிலேயே அனுமதி வாங்கலாம் என்றானது. மண் எடுக்க வழி பிறந்துவிட்டது. விற்க?

2 கோடி பானைக்கு எங்கே போவது?

நியாயமான கேள்விதான். மாநிலத்தில் 2 கோடிக்கு மேல் அரிசி அட்டைகள் இருக்கின்றன. ஒரே வருடத்தில் எல்லோருக்கும் கொடுக்கப் பார்த்தால், யாரோ ஒரு கான்ட்ராக்டர் எங்கிருந்தோ லாரி லாரியாக இறக்குவார். வழியில் உடைந்தது போக மிச்சம்தான் கடைக்கு வரும். உள்ளூர்த் தொழிலாளிக்கு ஒன்றும் மிஞ்சாது.

அதனால் டெல்டா மாவட்டங்களில் மட்டும் தொடங்கிப் பார்க்கலாம். பானை வேண்டும் என்பவர்கள் ரேஷன் கடையில் முன்பதிவு செய்யட்டும். அந்தந்த ஒன்றியத்தில் வனைபவர்களிடமே வாங்கட்டும். முக்கியமாக, ஆர்டரும் முன்பணமும் சித்திரையிலேயே போய்ச் சேர வேண்டும். வெயிலில் காய்ந்து சூளையில் வெந்த பானை தை வரை கெடாது. மழை மாதங்களில் கையைப் பிசைந்துகொண்டு உட்காரவும் வேண்டாம்.

குக்கரில் பொங்கல் வைக்கும் வீடுகள் கூடிவிட்டன என்பது உண்மை. அந்தக் குக்கருக்கும் மஞ்சள் கொத்து கட்டத்தான் செய்கிறார்கள். பானை கைக்கு வந்தால் வேண்டாம் என்பவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

ஒவ்வொரு டிசம்பரிலும் கோரிக்கை செய்தியாகிறது, பொங்கல் முடிந்ததும் மறந்துபோகிறது. பேச வேண்டிய மாதம் டிசம்பர் அல்ல, சித்திரை.