செல்லுமா என்ற கேள்விக்கு எங்கள் சபையின் விடை

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரங்களில் கல்வியின்பால் சிரத்தை கொண்ட ஆசிரியர்களும் பெற்றோர்களும் வாசகசாலை நடத்துவோருமாகிய நாங்கள், இணையவழிப் படிப்புகளையும் அவை வழங்கும் புதுவகைச் சான்றிதழ்களையும் பற்றிய எங்கள் நிலைப்பாட்டைப் பகிரங்கமாக வெளியிட நேர்ந்ததற்குக் காரணம் பெரிய தத்துவ விசாரம் எதுவும் அன்று. கடையநல்லூரில் பீடி சுற்றும் தாயும், பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி மூட்டை இறக்கும் தகப்பனும், பிள்ளை கைப்பேசியில் காட்டிய பத்திரத்தை எங்களிடம் நீட்டி, "இந்தச் சர்டிபிகேட் செல்லுமா, சார்?" என்று கேட்கிறார்கள். படித்தவர்கள் "அங்கீகாரம்" என்று சொல்லும் விஷயத்துக்கு அவர்கள் எடுத்த சொல் நாணயத்துக்கு உரிய சொல். அதுவே சரியான சொல் என்றும் எங்களுக்குத் தோன்றுகிறது. முத்திரை எத்தனை அழகாக விழுந்திருந்தாலும், கடைக்காரன் கை நீட்டி வாங்கினால்தானே அது காசு?

பல்கலைக்கழகத்துக்கு வெளியே பிறந்த சான்றிதழ் இந்நாட்டுக்குப் புதிதன்று. 1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று படிப்படியாகப் பரீட்சைகளை நடத்தியது. அவ்வளவு தொலைவுகூடப் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு சிற்றூரின் கடைத்தெரு மாடியிலும் மாலை வேளைகளில் படபடவென்று ஒலித்துக்கொண்டிருந்த தட்டச்சு இன்ஸ்டிடியூட்டை எண்ணிப் பாருங்கள். கற்பித்தவர் தனி ஆள். அவருக்குக் கட்டடமோ பட்டமோ பெரிதாக இருந்ததில்லை. ஆனால் பரீட்சையை நடத்தியது அரசாங்கத்தின் தொழில்நுட்பக் கல்வித் துறை. நிமிஷத்துக்கு முப்பது சொல் அடித்தால் லோயர், நாற்பத்தைந்து அடித்தால் ஹயர். பரீட்சை மண்டபத்தில் கண்காணிப்பாளர் கண்முன், கடிகாரம் ஓட ஓட அடித்துக் காட்ட வேண்டும். அந்தச் சான்றிதழை அரசாங்கம் தானே தட்டச்சர் உத்தியோகத்துக்குத் தகுதியாக வைத்தது; ஆகவே தனியார் கம்பெனிகளும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டன. கல்லூரி வாசலை மிதிக்காத எத்தனையோ பெண்கள் அந்த ஒரு தாளைக் கொண்டு குடும்பங்களைத் தாங்கினார்கள். கற்பித்தவர் வேறு, சோதித்தவர் வேறு, சோதித்தவரே முதலில் நம்பிக் காட்டியவர் என்ற இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை, இன்றைய கல்வி வியாபாரிகளில் பலர் கவனித்ததாகத் தெரியவில்லை.

2011-இல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் கற்பித்த இருவர் செயற்கை நுண்ணறிவுப் பாடம் ஒன்றை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட, சுமார் 1,60,000 பேர் சேர்ந்து, ஏறத்தாழ 23,000 பேர் முடித்தார்கள் என்பது அக்காலத்தில் பெரிய அதிசயமாகப் பேசப்பட்டது. அதற்குப் பின்வந்த ஆண்டுகளில், நான்கு மணி நேரப் பாடத்துக்கும் ஒரு பத்திரம், நாற்பது நிமிஷப் பாடத்துக்கும் ஒரு பத்திரம் என்று சான்றிதழ்கள் குற்றாலத்துச் சீசன் காலக் கூட்டம்போல் பெருகிவிட்டன. இப்பொழுது அவற்றின்மீது கியூஆர் குறி பதிக்கிறார்கள். பிளாக்செயின் ஏட்டில் எழுதிவைக்கிறார்கள். ஒருவராலும் திருத்த முடியாது என்று பெருமிதத்தோடு விளம்பரமும் செய்கிறார்கள். திருத்த முடியாது என்பது உண்மைதான். ஆனால் குற்றாலம் கடைவீதியில் மூலிகை எண்ணெய் வாங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு ஒரு சங்கதி தெரியும்: சீசாவின்மேல் ஒட்டிய சீட்டு அந்தக் கடையின் சீட்டேதான் என்று நிரூபித்துவிட்டதாலேயே, உள்ளே இருக்கும் எண்ணெயில் மூலிகை இருக்கிறது என்று நிரூபித்ததாகாது. தாள் போலியன்று என்பதைத் தொழில்நுட்பம் காட்டிக்கொடுக்கும். படிப்பு போலியன்று என்பதைப் பரீட்சைதான் காட்ட வேண்டும்.

ஆதலால், பத்திரத்தை வழங்குவது யார் என்பதைக் காட்டிலும், எப்படிச் சோதித்து வழங்குகிறார்கள் என்பதையே நாங்கள் முதலில் கேட்கிறோம். இந்த உரைகல்லில் தேறுவன உண்டு. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல் இணையப் பாடங்களை யாரும் காசின்றிப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் பரீட்சைக் கட்டணம் செலுத்தி, ஒரு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். மதிப்பெண்ணில் முக்கால் பங்கு அந்தப் பரீட்சைக்கே உரியது. 2017-இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வயம் தளத்தின் பாடங்களை, ஒரு பருவத்தின் பாடங்களில் நூற்றுக்கு நாற்பது வரை கல்லூரிகள் ஏற்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் விதி செய்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்போ, ஜே.இ.இ. நுழைவுத் தேர்வில் தேறாதவரையும் தகுதிச் சுற்று ஒன்றின் வழியே சேர்த்துக்கொண்டு, இடையில் நிறுத்துவோர்க்கு அடிப்படைச் சான்றிதழ், டிப்ளமா என்று படிக்கட்டு அமைத்து, முக்கியப் பரீட்சைகளை மையங்களில் நேரில் நடத்துகிறது. தட்டச்சுப் பரீட்சையின் வம்சத்தில் வந்தவை என்று இவற்றை நாங்கள் மனமார ஏற்கிறோம்.

இனி, எங்கள் ஊரைப் பற்றிப் பேசுகிற எவரும் தவிர்க்க முடியாத மத்தளம்பாறைக்கு வருவோம். தென்காசிக்கு அருகில் உள்ள அச்சிற்றூரில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் அலுவலகம் நிறுவியதும், அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அங்கேயே குடிவந்ததும், பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமாவோ முடித்த பிள்ளைகளைக் கட்டணம் வாங்காமல், மாதந்தோறும் உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றி, பட்டம் கேளாமல் வேலையில் அமர்த்தும் அந்நிறுவனத்தின் பள்ளி இப்பக்கத்திலும் நடப்பதும் நாடறிந்த செய்திகள். இருபது ஆண்டுகளுக்கு முன் ஆறே மாணாக்கரோடு தொடங்கிய முயற்சி, பட்டம் என்ற காகிதத்தின் மீதிருந்த பயபக்தியை எங்கள் வட்டாரத்தில் அசைத்துவிட்டது என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறோம். ஆயினும், ஒரு கடைக்காரர் மட்டும் வாங்கும் காசு எவ்வளவு நல்ல காசாயினும், அதை வைத்திருப்பவனுக்கு அந்தக் கடை ஒன்றே கதி. அங்கே பயின்ற ஒருத்தி, திருமணத்தாலோ தாயின் நோயாலோ வேலையை விட்டு, ஆரியங்காவுக் கணவாய் கடந்து கேரளத்தில் வேறிடம் தேடும்போது, தன் திறமையைப் புதிதாக நிரூபிக்க வேண்டியவளாகிறாள்; பட்டத்தைத் தகுதியாக விதித்த அரசுத் தேர்வாணையப் பரீட்சைகளுக்கோ அவளால் விண்ணப்பிக்கவே இயலாது. இக்குறை அந்தப் பள்ளியுடையதன்று. அதற்கும் அரசாங்கத்துக்கும் இடையே பாலம் கட்டப்படாத குறை. அனுபவத்துக்கும் தொழிற்பயிற்சிக்கும் மதிப்பலகு தரலாம் என்று 2023-இல் வெளியான தேசிய மதிப்பலகுக் கட்டமைப்பு கொள்கையளவில் சொல்லிவிட்டது. அதைக் கொண்டு, இத்தகைய பள்ளியில் பயின்ற ஆண்டுகளை ஒரு பொதுப் பரீட்சையின் வழியே மதிப்பிட்டு, பட்டத்தில் கழித்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்யுமாறு மாநில அரசையும் பல்கலைக்கழகங்களையும் வேண்டுகிறோம்.

வீட்டிலிருந்தபடியே கேமரா முன் பரீட்சை எழுதும் முறையைப் பிரதான வழியாக ஆக்குவதை எங்கள் சபை எதிர்க்கிறது. கேள்வி கேட்டவுடன் விடை எழுதித்தரும் இயந்திரங்கள் கைப்பேசிக்குள் புகுந்துவிட்ட காலம் இது என்பது ஒரு காரணம். மற்றொன்று எங்கள் ஊருக்கே உரியது. ஆனி, ஆடிச் சாரலில் தகரக் கூரைமேல் மழை அடிக்கும் ஓசையையும், ஒற்றை அறைக்குள் தம்பி தங்கைகள் குறுக்கே நடப்பதையும் சந்தேகக் குறியாகக் கொள்ளும்படி எழுதப்பட்ட கண்காணிப்பு மென்பொருளுக்கு முன்னால், தனியறை உள்ள வீட்டுப் பிள்ளை மட்டுமே நிரபராதியாகத் தோற்றமளிக்கும். தென்காசி 2019 நவம்பர் முதல் தனி மாவட்டம். மாவட்டத் தலைநகரில் இத்தகைய பரீட்சைகளுக்கு நிரந்தர மையம் ஒன்று அரசுச் செலவில் வேண்டும். பஸ் மாறித் திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் போய் எழுத வேண்டிய இடத்தில், பெண் பிள்ளைகளின் பெயரே முதலில் விடுபட்டுப் போகிறது.

பாடத்தைத் தமிழில் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் பரீட்சை எழுதச் சொல்வதும் நியாயமன்று. அதுபோலவே, 2022-இல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் பயிற்சிகளிலும், பயிற்சி அளிக்கும் நிறுவனமே மாணாக்கரின் தேர்ச்சியை அறிவிக்கும் இடங்கள் இருப்பின், அவற்றில் பரீட்சையைப் பிரித்து வேறு கையில் ஒப்படைக்க வேண்டும்.

பெரும் பணம் கட்டச் சொல்லி, அதற்குக் கடனும் வாங்கித்தந்து, உத்தியோகம் நிச்சயம் என்று வாக்களிக்கும் இணையப் படிப்புகளில் சேருமுன், பரீட்சை எங்கே, நடத்துவது யார், முன்பு தேறியவர்களை வேலைக்கு எடுத்தவர் யார் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம். அந்தக் கடிதத்தை எழுதத் தெரியாதவர்களுக்காக, ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் எங்கள் வாசகசாலையில் இரண்டு ஆசிரியர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கைப்பேசியில் வந்த விளம்பரத்தை அழித்துவிடாமல் கொண்டுவந்தால் போதும்.