ஓடுகிற இழை குப்பையாகாது

பிள்ளைகள் பெங்களூரில் ஜாவா எழுதுகிறார்கள். விடுமுறைக்கு ஊர் வந்தால் ஒரு புகார் காதில் விழுகிறது. "மெமரியை ஜாவாவே சுத்தம் பண்ணும்னு சொன்னாங்க. பண்ணலையே, சர்வர் படுத்துடுச்சே!" இந்த வழக்கில் நான் ஜாவாவின் கட்சி.

நிரல் ஓடும்போது நினைவகத்தில் இடம் பிடிக்கும். வேலை முடிந்த இடத்தைத் தேடி மீட்பதுதான் கார்பேஜ் கலெக்‌ஷன். லிஸ்ப் மொழிக்காக ஜான் மெக்கார்த்தி 1959-இல் கண்ட வழி அது. எது குப்பை என்று எப்படித் தெரியும்? தலைமதகிலிருந்து வாய்க்கால் வாய்க்காலாகப் போய்ப் பார்ப்பதுபோலத்தான். தண்ணீர் எட்டும் வயல் உயிருள்ளது, எட்டாதது தரிசு.

ஒரே நிரலுக்குள் பல வேலைகள் ஒரே சமயத்தில் ஓடலாம். அவற்றை த்ரெட் என்பார்கள், தமிழில் இழை. ஓடும் இழை ஒவ்வொன்றும் ஒரு தலைமதகு. நிரலில் வேறு எவரும் அதை நினைவில் வைத்திருக்காவிட்டாலும் அது குப்பையாகாது. அது தொட்டுக்கொண்டிருக்கும் எதுவும் குப்பையாகாது. வராத செய்திக்காகக் காத்துக் கிடக்கும் இழைக்கும் இதே சலுகை உண்டு. ஓடி முடிந்த இழையைத்தான், வேறு யாரும் பிடித்திருக்காவிட்டால், அள்ளிக்கொண்டு போவார்கள்.

"சும்மா கிடக்கும் இழையைக் கொன்றால் என்ன?" என்று கேட்கலாம். அது நாளை எழுமா எழாதா என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? ஒரு கணக்கில் பணத்தைக் கழித்துவிட்டு, இன்னொன்றில் வரவு வைக்குமுன் இழையைக் கொன்றால் கதி என்ன? இழையைப் பலவந்தமாக நிறுத்தும் கட்டளை ஜாவாவில் முதலில் இருந்தது. 1998-இல் வந்த 1.2 பதிப்பிலேயே அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

சுத்தம் செய்யும்போது இழைகளைச் சற்று நிறுத்தி வைப்பது உண்மைதான். மேட்டூரை ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறப்பது நம் வழக்கம். பூதலூர்ப் பக்கம் புது ஆற்றில் தண்ணீர் நின்ற பிறகுதானே தூர் வார முடியும்? அதற்காக ஆற்றையே மூடிவிடுவதில்லை. இழையும் அப்படித்தான்; விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடும். அந்த நிறுத்தம் பெரும்பாலும் கண் இமைக்கும் நேரம்கூட இராது.

ஆகவே என் கருத்து இது: மோட்டாரைப் போட்டவர்தான் அணைக்க வேண்டும். இழையைத் தொடங்கும் வரியை எழுதும்போதே அது எப்போது, யார் சொல்லி நிற்கும் என்பதையும் எழுதிவிட வேண்டும். காத்திருப்பதற்குக் காலக்கெடு வைக்க வேண்டும். குப்பைக்காரர் குப்பையைத்தான் எடுப்பார். நாம் திறந்துவிட்டு மறந்த மதகை மூடுவது அவர் வேலையல்ல.